ஒன்பது விநாடிக் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு மலைக்காட்டில், விடிகாலையில், அறிமுகமில்லாத ஒரு குரலைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். பறவைக் குரலை அடையாளம் சொல்லும் செயலி உடனே ‘தீக்காக்கை’ என்றது. அந்தப் பக்கத்தில் அதை இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. பதிவை இணைத்து இணையப் பறவைப் பட்டியலில் ஏற்றினேன். ‘சான்று போதாது’ என்று சரிபார்ப்பவர் நிராகரித்துவிட்டார். மங்கலான புகைப்படத்தைக்கூட ஏற்றுக்கொள்கிறார்கள். குரலுக்கு மட்டும் மதிப்பில்லையா? ஒலியைக் குவிக்கும் பரவளையக் கிண்ணத்தோடு கூடிய மைக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கினால் நம்புவார்களா? பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நிராகரித்திருப்பேன். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

குரலுக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கையின் கித்துல்கல மழைக்காட்டில் 1995இல் தீபால் வரகாகொட, தனக்குத் தெரிந்த எந்த ஆந்தையோடும் பொருந்தாத ஒரு மெல்லிய குரலைக் கேட்டார். அதற்கு உரிய பறவையைக் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில். 2004இல் அது புதிய இனமாக அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இன்று அதைச் செரண்டிப் ஆந்தை என்கிறோம். இத்தனை ஆண்டுகளும் அவரிடம் இருந்த துப்பு அந்தக் குரல்தான். ‘ஏதோ ஒரு ஆந்தை’ என்று தெரிந்த பெயர் ஒன்றை அதற்குச் சூட்டிவிட்டு அவர் நகர்ந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

உங்கள் ஒன்பது விநாடிப் பதிவைப் பலமுறை கேட்டேன். சற்றுக் கரகரத்த ‘க்யூ, க்யூ’ ஒலி சீரான இடைவெளியில் வருகிறது. தீக்காக்கையாக இருக்கலாம்தான். ஆனால் கடைசி அரை விநாடியில் உலோகத்தைத் தட்டியதுபோல் வேறொரு ஒலி தொடங்குகிறது. சரியாக அங்கே நீங்கள் பதிவை நிறுத்திவிட்டீர்கள்! அந்த ஒலிக்குப் பிறகு என்ன வந்தது என்பதில்தான் முழு வழக்கும் இருக்கிறது.

ஏனென்றால் அப்படிப்பட்ட காடுகளில் துடுப்புவால் கரிச்சானும் இருக்கும். பிற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துப் பாடுவதில் அது பலே கில்லாடி. இலங்கையின் சிங்கராஜா காட்டில் அதை ஆராய்ந்தவர்கள், ஆபத்து நேரத்தில் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களை அது ஒலிப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதாவது வாய்க்கு வந்ததைப் பாடுவதில்லை, சமயம் பார்த்துப் பாடுகிறது. அதற்கு ஒரு பலவீனம் உண்டு: ஒரே குரலில் நிலைத்து நிற்காது. கொஞ்ச நேரம் விட்டால் இன்னொரு பறவைக்குத் தாவும், இடையே தன் சொந்தக் குரலையும் நுழைக்கும். மூன்று நிமிடப் பதிவில் அது மாட்டிக்கொள்ளும், ஒன்பது விநாடியில் தப்பித்துவிடும்.

செயலிக்கு இதெல்லாம் தெரியாது. உதாரணமாக பேர்ட்நெட் என்ற செயலி, ஒலியை மூன்று விநாடித் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுகிறது. முந்தைய துண்டில் பாடியது யார் என்ற நினைவு அதற்குக் கிடையாது. அது தரும் 0.8 என்ற எண்ணை ‘80 சதவீதம் உறுதி’ என்று படிப்பதும் தவறு. இனத்துக்கு இனம் அந்த எண்ணின் பொருள் மாறும். செயலி சொல்லும் பெயரை ஒரு சந்தேகமாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

அந்த வேலை என்ன? பறவை ஓய்ந்த பிறகும் பதிவை ஓடவிடுங்கள். முடிவில் தேதி, நேரம், இடம், குரல் வந்த உயரம், மூங்கிலா பெருமரமா, பறவையைப் பார்த்தீர்களா என்பதை உங்கள் வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். வேவ் வடிவத்தில் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம். சுருக்கும்போது நுணுக்கங்கள் போய்விடும். இரைச்சலைக் குறைக்கும் வசதி கைப்பேசியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட அந்த வசதி, தொலைவில் பாடும் பறவையையே இரைச்சல் என்று துடைத்துவிடும்.

பிறகு ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைப் பாருங்கள். காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரு குரல்கள் அந்தப் படத்தில் வேறு வேறு வளைவுகளாகத் தெரியும். அருணாசலப் பிரதேசத்து மலைகளில் ஒரே இனம் என்று எண்ணப்பட்டிருந்த ஒரு பூங்குருவி, மரங்கள் வளரும் மேல் எல்லையான மரக்கோட்டுக்குக் கீழே இனிமையாகவும் அதற்கு மேலே கரடுமுரடாகவும் பாடுவதை 2009இல் கவனித்தார்கள். அந்தச் சந்தேகத்தைத் தோல், இறகு, மரபணு என்று துருவியபோது, காட்டில் பாடுவது தனி இனம் என்று தெரிந்தது. 2016இல் அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார்கள்.

பெயர் பிடிபடாத குரலையும் அழிக்காதீர்கள். பறவைக் குரல்களைத் திரட்டி 2005 முதல் இயங்கும் ஸீனோ-கேன்டோ இணையதளத்தில், அடையாளம் தெரியாத குரல்களை அப்படியே சொல்லி ஏற்றலாம். உலகின் வேறு மூலையில் இருக்கும் ஒருவர் அடையாளம் சொல்லக்கூடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட வேண்டாம். அரிய பறவைக்கு அது வீண் தொந்தரவு. தவிர, நூறு அடி தள்ளி நிற்கும் இன்னொரு ஆர்வலர் உங்கள் கைப்பேசியைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போவார்!

கிண்ணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொலைவில் கீச்சிடும் சிறு பறவைகளுக்கு அது அருமையான கருவி. ஆனால் தன் விட்டத்தைவிட நீண்ட அலைகளை அது சரியாகக் குவிக்காது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். நீங்கள் ஆந்தைகளையும் தேடிப் போவதாக இருந்தால், கையில் தூக்கிச் செல்லும் கிண்ணம் அந்தத் தாழ்ந்த குரல்களுக்குப் பெரிதாக உதவாது. குழாய் வடிவ மைக்கும் காற்றுக் கவசமும் போதும். அதுவும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் கைப்பேசியிலேயே நீளமாகப் பதியப் பழகுங்கள்.