சொட்டை விழுந்த கொரங்காட்டில் விதை தூவலாமா?

கேள்வி: அம்மா, தாராபுரம் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது. அப்பா காலத்தில் முழங்காலுக்கு மேல் கொழுக்கட்டைப் புல் நிற்கும். இப்போது வேலியோரமும் வெள்வேலா மரத்தடியும் தவிர, மற்ற இடமெல்லாம் சொட்டை சொட்டையாகக் கிடக்கிறது. 2 மாடு, ஒரு காளைக்கன்று, 20 செம்மறி ஆடுகள் வருஷம் முழுக்க அதில்தான் மேய்கின்றன. மொத்தமாக உழுதுபோட்டு கம்பு நேப்பியர் தீவனப்புல் வைக்கச் சொல்கிறார்கள். இருக்கிற புல்லை அழிக்காமல், மேலாக விதை தூவினால் முளைக்குமா?

பதில்: முளைக்கும் தம்பி. மொத்தமாக உழ வேண்டாம். கம்பு நேப்பியர் நல்ல தீவனம்தான், ஆனால் அதற்குத் தொடர்ந்து தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கிணற்றடியில் 10 சென்ட் போட்டுக்கொள்ளுங்கள். கொரங்காடு மழையை மட்டும் நம்பி நிற்கிற நிலம். அங்கே கொழுக்கட்டைக்கு ஈடான புல் கிடையாது. ஆள் உயரத்துக்கு வேர் இறக்கி, கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். நன்றாக இருக்கும் தூர்களை டிராக்டரால் புரட்டிவிட்டால், அத்தனை வேரும் போய்விடும்.

விதைக்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். வேலியோரம் மட்டும் புல் ஏன் தப்பித்தது? வேலியில் நிற்கிற கிளுவை முள்ளுக்குள் ஆட்டின் வாய் போகவில்லை. அங்கே கதிர் முற்றி விதை கொட்டியிருக்கிறது. நடுக்காட்டில் கதிர் தள்ளுவதற்குள் கடித்துவிடுகின்றன. செம்மறி தரையோடு கடிக்கும். விதை விழாத நிலத்தில், பழைய தூர் சாகச் சாகச் சொட்டைதான் மிஞ்சும். அதனால் விதை தூவியும் மேய்ச்சலை நிறுத்தாவிட்டால், கொட்டிய காசு போனதுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கேள்வி கேட்கிற பலரும் விதைக்கடையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

இப்போது ஆவணி. ஐப்பசி மழைக்கு முன்னால் செய்ய வேலை இருக்கிறது. இன்றிலிருந்தே ராத்திரியில் ஆட்டுப்பட்டியைச் சொட்டை விழுந்த இடத்தில் போடுங்கள். சில ராத்திரிக்கு ஒருமுறை பட்டியை நகர்த்துங்கள். புழுக்கையும் மூத்திரமும் விழும், இறுகிப்போன மேல்மண் குளம்பு பட்டு உடையும். புரட்டாசிக் கடைசியில் அந்த இடங்களை மட்டும் மாட்டுக் கலப்பையாலோ கொத்தாலோ லேசாகக் கீறுங்கள். சரிவுக்குக் குறுக்காகக் கீறினால் தண்ணீர் நின்று இறங்கும். ஆழம் வேண்டாம்.

விதை விஷயத்தில் கவனம் தேவை. கொழுக்கட்டை விதை சுணையோடு பஞ்சு மாதிரி இருக்கும், பாதி பொக்காகவும் இருக்கலாம். வாங்கும்போது ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கி, உள்ளே மணி இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்துணியில் 100 விதையை முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணினால் இன்னும் நல்லது. அப்புறம், புது விதை வாங்காதீர்கள். அறுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதம் உறக்கத்தில் இருக்கும். போன வருஷத்து விதையே சிறந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துத் தீவனப்பயிர்த் துறையில் கோ 1 ரகம், அதாவது நீலக் கொழுக்கட்டை, இருக்கிறதா என்று விசாரியுங்கள். முழு நிலத்துக்கும் விதைப்பதென்றால் ஏக்கருக்கு 3 கிலோ வரை பிடிக்கும். உங்களுக்குச் சொட்டைக்கு மட்டும்தானே, அதற்கேற்ப வாங்குங்கள்.

அப்படியே தூவினால் காற்று கொண்டுபோகும், மிச்சத்தை எறும்பு இழுத்துவிடும். சாணிக்கரைசலில் பிசறி, செம்மண் சேர்த்து உதிரியாக உலர்த்திக்கொள்ளுங்கள். முதல் நல்ல மழையை ஒட்டித் தூவி, ஒரு முள்ளுக்கட்டையைக் கட்டி மேலாக இழுத்துவிட்டால் போதும். விரல் நகத்தின் அளவுக்கு மண் மூடினால் சரி. ஆழமாகப் புதைந்தால் வெளியே வராது. பிறகு வெட்டிய வெள்வேலா முள்ளை அந்த இடத்தில் பரப்பி வையுங்கள். ஆடு அண்டாது, சிறு நிழல் கிடைக்கும், காற்றில் வரும் மண்ணும் விதையும் அங்கே தங்கும்.

கூடவே முயல் மசால் கொஞ்சம் கலந்து விதையுங்கள். பயறுவகை என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும், மாட்டுக்குப் புரதமும் ஆகும். அதன் விதைத்தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி, கொதி அடங்கியதும் விதையைப் போட்டு 4 நிமிடத்தில் வடித்து, ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள்.

இனி கஷ்டமான பகுதி. விதைத்த பின் அந்தப் புல் கதிர் தள்ளி, முற்றி, கொட்டும்வரை ஒரு வாய்கூடப் படக்கூடாது. தை வரை ஆகும். 4 ஏக்கரையும் மூட உங்களால் முடியாது, தெரியும். அதனால் இந்த வருஷம் மோசமான 2 ஏக்கரை மட்டும் எடுங்கள், நடுவில் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு வேலி பிரியுங்கள். போத்து தழைக்கும்வரை முள் அடைத்துக்கொள்ளலாம். மீதிக் காட்டில் மேயும் மாட்டுக்குச் சோளத்தட்டு வாங்கிப் போட வேண்டியிருக்கும். செலவுதான். ஆனால் அதைச் செய்யாமல் காடு திரும்பாது. தையில் புல்லை ஒரு கைப்பிடி பிடித்து இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்தால் இன்னும் விடுங்கள். இலை மட்டும் அறுந்தால் மாட்டை விடலாம். செம்மறிக்கு அடுத்த வருஷம்.

வேலியோரத்துப் புல்லை மறக்காதீர்கள். கதிர் வைக்கோல் நிறமாகும்போது கையால் உருவி, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த புரட்டாசிக்கு உறக்கமும் தெளிந்திருக்கும், கடைக்கும் போக வேண்டாம். உங்கள் மண்ணில் தலைமுறையாகத் தாக்குப்பிடித்த விதை அது.

கேள்வி: விதை தூவிய இடத்தில் புல்லைவிடச் சீமைக் கருவேலங்கன்றுதான் அதிகம் வருகிறது. வெட்டிவிட்டால் போதுமா? (வாசகி, மூலனூர்)

பதில்: போதாதுங்க. தரையோடு வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாக வெடித்து வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கன்று சிறிதாக இருக்கையிலேயே வேரோடு பிடுங்குங்கள். பெரிதானதைத் தரைக்குக் கீழே தோண்டித்தான் வெட்ட வேண்டும். வெளியே காய் தின்றுவிட்டு வரும் ஆடுகள்தான் புழுக்கையில் விதையைக் கொண்டுவருகின்றன. காய் உதிரும் காலத்தில் வெளி மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டை, புது விதைப்பு உள்ள பக்கம் பட்டி போடாதீர்கள்.