போஸ்டிங் அட்டவணையைக் கேட்டீர்களா?

கேள்வி: இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு 3 வயது. நர்சிங் படிக்கலாமா, லேப் டெக்னீசியன் படிக்கலாமா?

வகுப்பு நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனையில் நேரடியாகப் பயிற்சி எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். நர்சிங்கில் நைட் ட்யூட்டி வாரங்கள் கட்டாயம் வரும். லேபில் பெரும்பாலும் பகல் வேலைதான். ஆனால் வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்த மாதிரிகளுக்காக விடியற்காலையிலேயே ஆள் நிற்க வேண்டும், அதாவது பிள்ளைகளைக் கிளப்பும் அதே நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வீட்டில் துணை உண்டென்றால் லேப். இரவுக்கும் உண்டென்றால் நர்சிங்.

கேள்வி: குழந்தைகள் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம். முழுக்க ஆன்லைனிலேயே லேப் டிப்ளமோ தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?

சேராதீர்கள். இதே கேள்வியோடு இந்த முறை ஐந்தாறு கடிதங்கள் வந்திருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தம் எடுப்பதையே பாருங்கள். கையில் பட்டையைக் கட்டி விரல் நுனியால் அழுத்தினால் ரத்தக்குழாய் ரப்பர் குழாய் மாதிரி அமுங்கி எழும்பும். பக்கத்திலேயே இருக்கும் தசைநார் அப்படி அமுங்காது, கெட்டியாக நிற்கும். வயதானவர் கையில் ஊசியைக் கொண்டுபோனால் குழாய் நழுவி ஓடும். கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் குத்த வேண்டும். பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் சில பரிசோதனைகளின் முடிவே மாறிப்போகும். இதையெல்லாம் கை பழகித்தான் கற்க முடியும், எந்த வீடியோவும் விரலுக்குச் சொல்லித்தராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வேலைக்கு வந்தார். ஒன்றரை வருடம் தூக்கத்தை விட்டுப் படித்தவர், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சிரிஞ்சைக் கையில் கொடுத்ததும் விரல் நடுங்கியது. அதுவரை ஒரு மனிதர் கையைக்கூட அவர் தொட்டதில்லை. அந்தச் சான்றிதழை வைத்து, இந்தத் தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் கவுன்சிலில் பதியவும் முடியவில்லை. அவரிடம் பணம் வாங்கியவர்கள் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நேரமில்லாத பெற்றோரைக் குறிவைத்து இப்படி விற்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அவர் மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்கினார்.

உடற்கூறியல், உடலியல் போன்ற தியரி பாடங்களை ஆன்லைனில் படிக்கலாம், தவறே இல்லை. பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: போஸ்டிங் எந்த மருத்துவமனையில், மொத்தம் எத்தனை மணி நேரம், முடித்தால் கவுன்சில் பதிவு கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல மெடிக்கல் கோர்ஸ் ஒன்று சொல்லுங்கள், அவசரம்.

என்ன படித்திருக்கிறீர்கள், குழந்தைக்கு என்ன வயது, தினம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று ஒன்றுமே எழுதவில்லை. மருந்துக்கடைக்குப் போய் ‘நல்ல மாத்திரை கொடுங்கள்’ என்று யாரும் கேட்பதில்லையே. விவரத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி: மெடிக்கல் கோடிங் வீட்டிலிருந்தே பார்க்கலாமாமே?

பார்க்கலாம், ஆனால் முதல் நாளிலிருந்தே அல்ல. பல இடங்களில் கொஞ்ச காலம் அலுவலகத்தில் இருந்து வேகமும் துல்லியமும் காட்டிய பிறகே அனுமதிப்பார்கள். நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து அதற்குரிய குறியீட்டைப் போடுவதுதான் இந்த வேலை. ஐசிடி-10 என்னும் நோய்க் குறியீடுகளைப் பிடிக்க உடற்கூறியல் நன்றாகத் தெரிய வேண்டும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு செய்யும் வேலை என்று நினைத்து வராதீர்கள்.

கேள்வி: ரேடியோகிராபி முதல் வருடம். இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம். ஆனால் இன்றே பொறுப்பாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மீதிக் கர்ப்ப காலம் முழுவதற்கும் கரு மேல் படக்கூடிய கதிர்வீச்சின் வரம்பு சுமார் 1 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஃபுளோரோஸ்கோபி (எக்ஸ்ரேயை விடாமல் பாய்ச்சி நேரலையாகப் படம் பார்ப்பது) போன்ற போஸ்டிங்குகளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றருகே அணிய, கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேருவதற்கு முன் தடுப்பூசி ஏதாவது போட வேண்டுமா?

ஹெபடைட்டிஸ் பி. வழக்கமான முறையில் மூன்று டோஸ், முடிக்க அரை வருடம் ஆகும். சேரும் தேதி தெரிந்ததும் தொடங்கிவிடுங்கள். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஊசி பலன் தந்ததா என்று பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது. டயாலிசிஸ் டெக்னீசியன் ஆக வயது தடையா?

வயது தடையில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு தடவை சுமார் 4 மணி நேரம் பிடிக்கும், பெரும்பாலானவர்கள் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வருவார்கள். அதனால் ஷிஃப்ட்டை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம், பெற்றோருக்கு அது பெரிய வசதி. ஆனால் முதல் நோயாளி வருவதற்குள் மெஷின் தயாராக இருக்க வேண்டும், அப்புறம் நாள் முழுக்க நிற்க வேண்டும். முதுகுவலி இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். போஸ்டிங் அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.