திரை சிமிட்டுகிறது: கம்ப்யூட்டர் கம்பெனி மானிட்டரைக் கைகாட்டுகிறது, மானிட்டர் கம்பெனி கம்ப்யூட்டரைக் கைகாட்டுகிறது

கேள்வி: வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்து சம்பாதிக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் இணைய விற்பனைத் தளம் ஒன்றில் உள்ளங்கை அளவு மினி கம்ப்யூட்டர் வாங்கினேன். பெட்டியின் மேல் '4கே, 60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளும் அந்தப் பெட்டியிலேயே வந்தது. மானிட்டர் வேறு கம்பெனி, வேறு விற்பனையாளர். இணைத்த நாளிலிருந்தே திரை சிமிட்டுகிறது. சில நேரம் இரண்டு விநாடி கறுத்துப்போய்த் திரும்ப வருகிறது. கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் மானிட்டர் கோளாறு என்கிறார்கள். மானிட்டர் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "எங்கள் பொருளில் குறை இல்லை, 30 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். 30-இல் வைத்தால் சிமிட்டல் நிற்கிறது. ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்கிறது, கண் எரிகிறது. யார் மீது வழக்குப் போடலாம்?

பதில்: யார் மீது என்பதற்கு முன்னால், குறை எந்தப் பொருளில் என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். இரண்டு கம்பெனிகள் ஒன்றையொன்று கைகாட்டும் வழக்குகளில் நுகர்வோர் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நல்லவேளையாக, உங்கள் கடிதத்திலேயே ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது: 30-இல் நிற்கிறது, 60-இல் வருகிறது.

4கே என்பது அகலத்தில் ஏறக்குறைய 4,000 புள்ளிகள் கொண்ட நுணுக்கமான படம்; 60 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 60 முறை. 4கே படத்தை விநாடிக்கு 60 முறை அனுப்ப, 30 முறை அனுப்புவதைப் போல இரண்டு மடங்கு தரவு கேபிள் வழியாகப் போக வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 தரத்தின் உச்சம் விநாடிக்கு 10.2 கிகாபிட், அதில் 4கே 30 வரைதான் வரும். 4கே 60-க்கு 2.0 தரம், அதாவது 18 கிகாபிட் வேண்டும். திரைப் பலகமே கெட்டிருந்தால் 30-இலும் ஏதாவது தெரிந்திருக்கும். ஆகவே சந்தேகம் முதலில் கேபிள், அதைச் செருகும் துவாரம், கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரம் ஆகியவற்றின் மேல்தான் விழுகிறது. ஆனால் சந்தேகம் சாட்சியம் ஆகாது. சோதித்துப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் கேபிள்: 'பிரீமியம் ஹை ஸ்பீட்' அல்லது 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று லேபிள் உள்ள நீளம் குறைந்த கேபிளைப் போட்டு 60-இல் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சிமிட்டல் நின்றால் கதை அங்கேயே பாதி முடிந்தது. நிற்காவிட்டால் வேறு துவாரம். அப்புறம் கம்ப்யூட்டரோடு வந்த அதே மின் அடாப்டரை, எக்ஸ்டென்ஷன் பெட்டி இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். சிறிய கம்ப்யூட்டர்கள் மின்சாரத்தில் கறாரானவை. போன் சார்ஜரைக் கொடுத்து ஓட்டினால் திரை தடுமாறும், பழியும் உங்கள் மேல் விழும். கடைசியாக, மானிட்டரை 4கே 60 கொடுக்கக்கூடிய வேறொரு கம்ப்யூட்டரிலும், உங்கள் கம்ப்யூட்டரை வேறொரு 4கே திரையிலும் இணையுங்கள். இந்தக் கடைசிச் சோதனைதான் வழக்கின் முதுகெலும்பு. ஸ்க்ரூவை மட்டும் கழற்றாதீர்கள். சீல் உடைந்தால், குறை எதில் என்ற பேச்சே போய், யார் திறந்தது என்பதுதான் பேச்சாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் திரை கறுக்கிறதா? சில சுழல் நாற்காலிகளின் காற்று உருளை எழும்போது மின் அதிர்வைக் கிளப்பும். உறை சரியில்லாத கேபிள் அதை வாங்கிக்கொள்ளும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் இது நடக்கிற விஷயம். இதனால்தான் 'எப்போதாவது வருகிறது' என்று எழுதாமல் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

வீடியோ எடுக்கும்போது வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். முதலில் இரண்டு பொருட்களின் சீரியல் எண் ஸ்டிக்கர், அடுத்து செட்டிங்ஸில் '60 ஹெர்ட்ஸ்' என்று தெரியும் பக்கம், அப்புறம் சிமிட்டல். நல்ல மானிட்டரையே போன் கேமராவில் எடுத்தால் கோடு ஓடுவதுபோலத் தெரிவதுண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். அதனால் கோடுகளை நம்பாதீர்கள். திரை முழுவதும் கறுத்துத் திரும்பும் அந்த இரண்டு விநாடி பதிவாக வேண்டும், மானிட்டரின் பவர் விளக்கு எரிவதும் அதே காட்சியில் தெரிய வேண்டும். ஒரிஜினல் கோப்பு போனிலேயே இருக்கட்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(10) பிரிவு 'குறைபாடு' என்பதற்குத் தரும் பொருள் விரிவானது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் மட்டுமல்ல, விற்பவர் தானே சொல்லிக்கொண்ட தரம் இல்லாவிட்டாலும் குறைபாடுதான். பெட்டியில் 60 என்று போட்டுவிட்டு 30-இல்தான் ஒழுங்காக ஓடும் என்றால், அது செட்டிங்ஸ் விஷயம் அல்ல. கேபிள் அந்தப் பெட்டியில் வந்திருப்பதால் அதுவும் விற்ற பொருளின் பகுதி. கேபிளை மாற்றியதும் சரியானால் கம்ப்யூட்டர் விற்றவர் நல்ல கேபிள் தரக் கடமைப்பட்டவர். அதோடு முடித்துக்கொள்ளுங்கள், வழக்கு வேண்டாம்.

உங்களுக்கு எதிராகப் போகக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். கையேட்டை எடுத்து, 4கே 60 எந்தத் துவாரத்துக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு துவாரங்களில் ஒன்று மட்டுமே அந்த வேகம் தருகிற கருவிகள் உண்டு. மானிட்டர்களிலும் அப்படி உண்டு. அது தெளிவாக அச்சிடப்பட்டிருந்து, நீங்கள் மற்றதில் செருகியிருந்தால் வழக்கு நிற்காது.

வேலைக்குப் பயன்படுத்துவதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். கவலை வேண்டாம். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது 'வணிக நோக்கம்' ஆகாது என்று 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. பில் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். பொருளை வாங்கிக்கொள்ளும்போது தரும் ஜாப் ஷீட்டில் 'டிஸ்ப்ளே பிரச்சினை' என்று இரண்டு சொல்லில் எழுதி நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுமுன், '4கே 60-இல் திரை கறுத்துத் திரும்புகிறது, 30-இல் வருவதில்லை, கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்றைக்கே அதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். 'குறை இல்லை' என்று திருப்பித் தந்தால், எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வந்த மானிட்டர் கம்பெனி ஆளிடமும் சர்வீஸ் அறிக்கை கேளுங்கள். 60-இல் சிமிட்டியதை அவர் பார்த்தார் என்பது அதில் இருந்தாலே உங்களுக்குப் பலம்.

இணையத்தில் வாங்கியதால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உங்களுக்கு உண்டு. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். குறைபாடுள்ள பொருளையும், விளம்பரம் செய்த தன்மை இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால், நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். கடைசி சர்வீஸ் தேதியிலிருந்து கணக்குப் போடாமல், முதலில் சிமிட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் 38-ஆம் பிரிவில் ஆணையத்துக்கு உண்டு. அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட நேரும். பழுது நீக்கம், மாற்றுப் பொருள், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றை 39-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம்.

கம்ப்யூட்டரில்தான் குறை என்று தெரிந்தால் விற்பனையாளர், தயாரிப்பாளர், இணைய விற்பனைத் தளம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். மானிட்டர் கம்பெனியை விட்டுவிடுங்கள். சோதனை முடிவில்லாமல் இரண்டு பக்கத்தையும் இழுத்தால், ஒருவர் மேல் ஒருவர் பழிபோட நீங்களே மேடை கட்டித் தந்தது போலாகும்.

இன்றே செய்ய வேண்டியது, வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் விற்றவருக்கு ஒரு மின்னஞ்சல். இப்படி எழுதினால் போதும்: "பெட்டியில் குறிப்பிட்ட 4கே 60 ஹெர்ட்ஸில், நீங்கள் தந்த கேபிளோடு, முதல் நாளிலிருந்தே திரை கறுத்துத் திரும்புகிறது. 30 ஹெர்ட்ஸில் இப்போது பயன்படுத்துவது வேலை நிற்காமலிருக்க மட்டுமே. அதைத் தீர்வாக நான் ஏற்கவில்லை. வீடியோவும் பில்லும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் சரிசெய்தோ மாற்றியோ தரவும்."