ஒளியிழை உணரி வடிவமைப்பில் இனிச் செய்ய என்ன இருக்கிறது?

ஒளியிழைக்குள் கிரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்ணிய வரிகள்) பதிக்கலாம் என்று 1978-லேயே கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ சீனியர் அப்படிச் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

என் முதல் வேலை, இரும்புச் சட்டத்தில் அப்படியொரு கிரேட்டிங்கை (பிராக் கிரேட்டிங் என்பார்கள்) ஒட்டித் திரிபை, அதாவது இரும்பு எவ்வளவு நீள்கிறது என்பதை, அளப்பது. இழை நீண்டால் திரும்பி வரும் அலைநீளம் நகரும். சட்டத்தில் ஏற்றிய எடையைத் தொடவே இல்லை. ஆனாலும் காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அலைநீளம் 100 பிக்கோமீட்டர் நகர்ந்தது. 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) சுமார் 1.2 பிக்கோமீட்டர் நகரும். அப்படியானால் 80 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மேல். இரும்பு மெல்ல வளைகிறது என்று ஒரு வாரம் வரைபடம் போட்டேன். ஆய்வக உதவியாளர் அண்ணன்தான், "தம்பி, மத்தியான வெயில் அந்த இரும்பு மேலதான் விழுது, பாத்தியா?" என்றார்.

வெறும் இழையே ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். ஒட்டிய இரும்பு விரிவதையும் சேர்த்தால் நான்கைந்து டிகிரி போதும், என் 100 வந்துவிடும். பக்கத்திலேயே தளர்வான குழாயில், இழுவிசை படாமல் இன்னொரு கிரேட்டிங்கை வைத்த பிறகுதான் வெப்பத்தைத் தனியாகக் கழிக்க முடிந்தது.

அப்புறம் இழை உடைய ஆரம்பித்தது. புற ஊதா ஒளியில் கிரேட்டிங் பதிக்க மேல்பூச்சை உரிக்க வேண்டும். உரித்த இடத்தில் கண்ணாடி பலவீனமாகிவிடும். மூன்று இழைகள் சரியாக அங்கேயேதான் போயின. இப்போது ஃபெம்டோசெகண்ட் லேசரால் பூச்சுக்கு மேலிருந்தே பதிக்கிறார்கள். இழையை இழுக்கும்போதே, பூச்சு ஏறுமுன் பதிப்பதும் உண்டு. என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய முன்னேற்றம். புதிய கொள்கை எதுவும் இல்லை, சரி, ஆனால் உணரி உயிரோடு இருக்கிறதே!

இழைக்குள் சிதறித் திரும்பும் ஒளியை அளந்து, கிலோமீட்டர் கணக்கில் இழை முழுவதையும் உணரியாக்கும் சிதறல் முறைகளை விட்டுவிட்டேன் என்று சிலர் சண்டைக்கு வரலாம். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றில் ஒன்றான பிரில்லுவான் முறையிலும் வெப்பமும் திரிபும் கலந்தேதான் வரும், அதே தலைவலிதான். ஒட்டுவதும் பொதிவதும் வடிவமைப்பில்லை என்பவர்கள் ஒரு முறை தங்கள் கையால் ஒட்டிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த வேலை கட்டுரையாக வந்தபோது, வெயிலைக் காட்டிக் கொடுத்த அண்ணனின் பெயர் நன்றிப் பகுதியில்கூட இல்லை. கேட்டேன், வழக்கமில்லை என்றார்கள். அத்தனை இழைகளையும் இணைத்தது அவர் கைதான்.