அமெரிக்காவில் கொள்ளுப்பாட்டியின் திருமணப் பதிவு சொந்த ஊரில் இல்லை. வேறு எங்கே தேடலாம்?

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் பிலடெல்பியாவில் பிறந்து வளர்ந்தவர்கள். 1920களில் கல்யாணம் நடந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பிலடெல்பியாவில் அவர்கள் பெயரில் திருமணப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. கல்யாணமே ஆகவில்லையா, இல்லை நாங்கள் தேடும் இடம் தப்பா?

பதில்:

இடம்தான் தப்பாக இருக்க வேண்டும். வேறு முடிவுக்கு வரும் முன் மேரிலாந்து மாநிலத்தில் செசில் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), எல்க்டன் என்ற ஊரின் பதிவுகளைப் பாருங்கள்.

எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நான் தமிழ்நாட்டுப் பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் கட்டிக்கொண்டது டெலவேர் மாநிலத்துப் பையனை. சம்பந்தியம்மாவுக்கு வம்சாவளி தேடுவது என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அங்கே போகும்போதெல்லாம் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். பழைய பதிவேடு என்றால் எனக்கும் கை சும்மா இருக்காது. அப்படி ஒட்டிக்கொண்டதுதான் இது.

அங்கே திருமணச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பதிவு பெரும்பாலும் கவுண்டி அளவில். நாடு முழுவதற்குமான ஒரே அட்டவணை கிடையாது. அதனால் ஒரு கவுண்டியில் "இல்லை" என்றால் அந்தக் கவுண்டியில் இல்லை, அவ்வளவுதான். நம் ஊரில் நிலம் இருக்கும் எல்லையை விட்டுவிட்டு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று சுத்தமாகச் சான்று வரும் பாருங்கள், அதே கதைதான்.

எல்க்டன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்கு நேராகப் பொருந்துவதால். பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியாவில் 1885 அக்டோபரில் திருமண லைசென்ஸ், அதாவது கல்யாணத்துக்கு முன்பே வாங்க வேண்டிய அரசு அனுமதி, கட்டாயமானது. உடனே பிலடெல்பியா ஜோடிகள் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியின் கேம்டனுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். பிறகு டெலவேரின் வில்மிங்டன் வசதியாக இருந்தது. 1913-ல் டெலவேர், வந்த உடனே கல்யாணம் செய்ய முடியாது, காத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்து அந்தக் கதவையும் சாத்தியது. ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மேரிலாந்து எல்லை. எல்லை தாண்டியதும் வருகிற முதல் கவுண்டித் தலைநகர் எல்க்டன். அங்கே காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் போய் மாலையில் கணவன் மனைவியாகத் திரும்பிவிடலாம்.

ஊரே இதை வைத்துப் பிழைத்தது. ரயிலை விட்டு இறங்கும் ஜோடிகளை டாக்சிக்காரர்கள் மடக்கி, லைசென்ஸ் அலுவலகத்துக்கும் அங்கிருந்து ஒரு பாதிரியார் வீட்டுக்கும் கூட்டிப்போவார்கள். பாதிரியார் வாங்கும் காணிக்கையில் டாக்சிக்காரருக்கும் பங்கு உண்டு. மேரிலாந்தில் அப்போது மதச் சடங்கு இல்லாமல் திருமணம் செல்லாது, அதனால் நீதிபதியிடம் போக முடியாது. கல்யாணம் செய்து வைப்பதையே தொழிலாக வைத்திருந்த பாதிரியார்கள் விளம்பரப் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உச்சத்தில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் லைசென்ஸ். சின்ன ஊர்தான் அது! 1938-ல் 48 மணி நேரக் காத்திருப்பு வந்தபின் கூட்டம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பாடகி பில்லி ஹாலிடே 1941-லும் பேஸ்பால் வீரர் வில்லி மேஸ் 1956-லும் எல்க்டனில்தான் திருமணம் செய்துகொண்டார்கள்.

சம்பந்தியம்மாவின் தாய் வழியில் ஒரு ஜோடியை இங்கேதான் பிடித்தோம். பெண் கத்தோலிக்கர், பையன் மெதடிஸ்ட், இரண்டு வீட்டிலும் ஒப்புதல் இல்லை. ஆனால் திருமணம் செய்து வைத்தவர் பாப்டிஸ்ட் பாதிரியார். இதைப் பார்த்ததும் சம்பந்தியம்மா, "தாத்தா பாப்டிஸ்டாக மாறியிருந்தாரோ?" என்று அந்தச் சபைகளின் உறுப்பினர் பட்டியலைத் தேடக் கிளம்பிவிட்டார். "சம்பந்தியம்மா, அந்தப் பாதிரியாரைத் தேர்ந்தெடுத்தது தாத்தா இல்லை, டாக்சிக்காரர்" என்றேன். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. எல்லை தாண்டிய திருமணத்தில் பாதிரியாரின் சபையை வைத்து குடும்பத்தின் மதத்தை முடிவு செய்யாதீர்கள். சாட்சிகளும் அப்படித்தான். பல ஊர்களில் பாதிரியாரின் மனைவியோ அலுவலக குமாஸ்தாவோதான் சாட்சி. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு சித்தப்பா, மாமா என்று கிளைபோட ஆரம்பித்தால் மரம் எங்கேயோ போய்விடும்.

சரி, உங்கள் ஜோடி எல்க்டனில் இல்லை என்றால்?

அப்போது ஓடியவர்களின் காரணத்தைப் பிடிக்க வேண்டும். சட்டப்படியான தடைகள் ஐந்தாறு வகைதான்: வயது, காத்திருப்பு, ரத்தப் பரிசோதனை, முந்தைய விவாகரத்து, நிறம். இவை இல்லாவிட்டால் யாருக்கும் தெரியக் கூடாது என்பது. சொந்த மாநிலத்தில் அந்த வருடம் எந்த விதி இடித்தது, எந்த அண்டை மாநிலத்தில் அது இல்லை என்று பாருங்கள். பிறகு பழைய ரயில்வே வரைபடத்தை விரித்து, எல்லைக்கு அப்பால் முதலில் வரும், கவுண்டி நீதிமன்றம் உள்ள ஊரில் விரலை வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கெல்லாம் வம்சாவளிக்காரர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் 'கிரெட்னா கிரீன்'. 1754-ல் இங்கிலாந்தில் திருமணச் சட்டம் இறுகியபோது ஜோடிகள் ஓடிய ஸ்காட்லாந்து எல்லைக் கிராமத்தின் பெயர் அது.

வயதைப் பற்றி: பெற்றோர் சம்மதம் தேவைப்படாத வயதைச் சொல்லிவிடுவது சர்வ சாதாரணம். ஒரு தாளில் 18 என்று எழுதி ஷூவுக்குள் வைத்துக்கொண்டு, "பதினெட்டுக்கு மேலேதான் இருக்கிறேன்" என்று கூசாமல் சத்தியம் செய்வார்களாம். பொய் சொன்ன பாவம் வேண்டாமே என்றுதான்! எனவே லைசென்ஸில் உள்ள வயதிலிருந்து பிறந்த வருடத்தைக் கணக்கிடாதீர்கள். வீட்டு முகவரியும் சந்தேகத்துக்குரியதுதான். பெயரை மட்டும் கொஞ்சம் நம்பலாம், அதையும் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

ரத்தப் பரிசோதனை 1930களின் பிற்பாதியில் பரவிய விதி, சிபிலிஸ் என்ற மேக நோயைத் தடுக்க. கனெக்டிகட் 1935-ல் ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டில் ஒரு மாநிலத்தின் பதிவுகள் திடீரென்று மெலிந்து பக்கத்து மாநிலத்தில் பெருகினால் காரணம் இதுதான். இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1988 ஜனவரியில் இல்லினாய் மாநிலம் திருமணத்துக்கு எய்ட்ஸ் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஜோடிகள் அண்டை மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருடமே சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள்.

மேற்கே கலிபோர்னியா 1927-ல் மூன்று நாள் காத்திருப்பைக் கொண்டுவந்தது. குடிபோதையில் கல்யாணம் செய்வதைத் தடுக்கவாம். விளைவு, லாஸ் ஏஞ்சலஸ் ஜோடிகள் அரிசோனாவின் யூமாவுக்கும் நெவாடாவின் ரெனோ, லாஸ் வேகஸுக்கும் போனார்கள். லாஸ் வேகஸில் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த ஊர் இருக்கும் கிளார்க் கவுண்டி பிறந்ததே 1909-ல்தான். அதற்கு முந்தையது லிங்கன் கவுண்டியில் இருக்கும். இதேபோல் தென் கரோலினா மாநிலம் திருமண லைசென்ஸை ஆரம்பித்தது 1911 ஜூலையில். வட கரோலினாக்காரர்கள் யார்க், டில்லன் ஊர்களுக்குப் போய்ச் செய்துகொண்ட திருமணம் அதற்கு முந்தையது என்றால் அரசாங்கப் பதிவைத் தேடிப் பயனில்லை. தேவாலயப் பதிவேடு, செய்தித்தாள், குடும்ப பைபிள், இவைதான் கதி.

ஓஹையோ ஆற்றங்கரை அபர்டீன் இன்னும் வேடிக்கை. 19-ம் நூற்றாண்டில் எதிர்க்கரை கென்டக்கியிலிருந்து வந்த ஜோடிகளுக்கு ஷெல்டன், அவருக்குப் பின் பீஸ்லி என்று இரண்டு சமாதான நீதிபதிகள் (சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதிகள்) லைசென்ஸே கேட்காமல் ஆயிரக்கணக்கில் கல்யாணம் செய்து வைத்தார்கள். லைசென்ஸ் இல்லாதபோது கவுண்டி லைசென்ஸ் புத்தகத்தில் பெயர் எப்படி இருக்கும்? அந்தக் காலத்து ஆண் 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர் என்றால் விதவை ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். பணம் வாங்க, கல்யாணம் நடந்ததை அந்த அம்மாள் நிரூபித்தாக வேண்டும். எங்கே, எப்போது, யார் முன்னிலையில் என்று எல்லாம் அதில் வந்துவிடும்.

யாருக்கும் தெரியாமல் செய்வதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பாடகி டாலி பார்ட்டன். 1966-ல் அவருடைய இசைத்தட்டு நிறுவனம் இப்போது கல்யாணம் வேண்டாம் என்றது. அவர் நாஷ்வில் பத்திரிகைகளில் செய்தி வராமலிருக்க டென்னசி எல்லையைத் தாண்டி ஜார்ஜியாவின் ரிங்கோல்டுக்குப் போய் மே 30-ம் தேதி மணமுடித்தார். இதே காரியத்தை ஊர் பேர் தெரியாத ஒரு பெண் செய்திருந்தால், அவள் பேத்தி இன்று நாஷ்விலில் தேடிக்கொண்டிருப்பாள்.

விவாகரத்து விஷயத்துக்கு நடிகர் வாலண்டினோ. கலிபோர்னியாவில் அப்போது விவாகரத்து முழுமையாகும் வரை ஒரு வருடம் பொறுக்க வேண்டியிருந்தது. அவர் பொறுக்காமல் 1922-ல் மெக்சிகோவின் மெக்சிகாலியில் நடாஷா ராம்போவாவை மணந்து இருதார வழக்கில் மாட்டினார். 1923 மார்ச்சில் இண்டியானாவின் கிரவுன் பாயிண்ட்டில் அதே பெண்ணை மறுபடி மணந்தார். ஆக ஒரே ஜோடிக்கு இரண்டு பதிவுகள். சாதாரணக் குடும்பங்களிலும் இது நிறைய. ரகசியமாக ஒன்று, வீட்டார் சமாதானமானபின் சர்ச்சில் ஒன்று. குடும்பம் கொண்டாடும் கல்யாண நாள் இரண்டாவதாக இருக்கும். ஒரு பதிவு கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

நிறத் தடை இதில் கொடியது. வர்ஜீனியாவில் முன்பு வெள்ளையர் மற்றவரை மணப்பது குற்றம். வெளி மாநிலத்தில் மணந்துவிட்டுத் திரும்பி வருவதும் குற்றம். ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் ஜெட்டர் இருவரும் 1958 ஜூனில் வாஷிங்டன் டி.சி. போய் மணந்தார்கள். சில வாரங்களில் நள்ளிரவில் படுக்கையறைக்குள் போலீஸ் வந்து கைது செய்தது. மாநிலத்தை விட்டே விரட்டினார்கள். 1967 ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சட்டங்களைச் செல்லாது என்றது. கலிபோர்னியாவில் 1948-லேயே போய்விட்டது. அதற்கு முன் அங்கே மெக்சிகப் பெண்களை மணந்த பஞ்சாபி விவசாயிகள் நிறையப் பேர். ஒரு குமாஸ்தா தோல் நிறத்தைப் பார்த்து லைசென்ஸ் மறுத்தால் வேறு கவுண்டிக்கோ பக்கத்து மாநிலத்துக்கோ போவார்கள். இந்தியப் பெயர்களைத் தேடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. 'சிங்' என்ற பெயரை அந்தக் குமாஸ்தாக்கள் எத்தனை விதமாக எழுதினார்கள் என்பது தனிப் புராணம்.

இனி உங்கள் வேலை. முதலில் வருடத்தைக் குறுக்குங்கள். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'முதல் திருமணத்தின்போது வயது' என்று ஒரு கட்டம் உண்டு. இருவருக்கும் அது முதல் திருமணம் என்றால் அந்த வயதும் மூத்த பிள்ளை பிறந்த வருடமும் சேர்ந்தால் போதும். அப்புறம் பேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் மேரிலாந்து, நியூ ஜெர்சி, டெலவேர் பதிவுகளைப் பாருங்கள், இலவசம். மணமகன் பெயரில் கிடைக்காவிட்டால் மணமகள் பெயரில் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் செசில் கவுண்டி சர்க்யூட் கோர்ட் கிளார்க்குக்கும் அன்னபோலிஸில் உள்ள மேரிலாந்து மாநில ஆவணக் காப்பகத்துக்கும் எழுதுங்கள்.

அட்டவணையில் பெயர் கிடைத்தால் அதோடு விட்டுவிடாமல் மூலத்தின் படத்தைக் கேளுங்கள். வாங்கிய லைசென்ஸ் வேறு, நடந்த கல்யாணம் வேறு. சடங்கு முடிந்ததும் பாதிரியார் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும் பகுதி நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அது காலியாக இருந்தால், ஜோடி லைசென்ஸ் வாங்கிய கையோடு மனம் மாறி ரயில் ஏறியிருக்கலாம், இல்லை பாதிரியார் அனுப்ப மறந்திருக்கலாம். அப்படி என்றால் அதே பெயர்கள் அடுத்த சில மாதங்களில் வேறு கவுண்டியில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.