காயத்துக்குப் பிறகு நடுவராகலாமா?

முழங்கால் அறுவைக்குப் பிறகு மோதல் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ரோலர் டெர்பி (சக்கர ஸ்கேட்டில் ஓடி, மோதி ஆடும் அணி ஆட்டம்) லீக்கை விடவும் மனமில்லை, நடுவரானால் பழைய தோழிகள் பகைத்துக்கொள்வார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே விசில் வேண்டாம். ரோலர் டெர்பியில் 7 ஸ்கேட்டிங் நடுவர்கள் வரை இருக்கலாம். அவர்கள் போக, புள்ளி குறிக்க, தண்டனை எழுத, பெனால்டி பாக்ஸில் (தண்டனை பெற்றவர் உட்காரும் இடம்) நேரம் பார்க்க ஸ்கேட் போடாத ஆட்களும் வேண்டும். முதலில் பெனால்டி பாக்ஸைக் கேளுங்கள். தண்டனை கொடுப்பது வேறொருவர், நீங்கள் அவர்கள் உட்கார வேண்டிய 30 விநாடியை அளக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள்மேல் யாருக்கும் கோபம் வர வழியில்லை (வந்தால் அது அவர்கள் பிரச்சினை). முழங்காலுக்கும் வேலையில்லை.

பிறகு ஸ்கேட்டோடு வந்தாலும் டபிள்யூஎஃப்டிடிஏ (மகளிர் ரோலர் டெர்பி சங்கம்) விதிகள் ஓரளவு காக்கும்: தீர்ப்பை மறுத்துப் பேசக் கேப்டனும் அவருடைய மாற்று ஆளும் மட்டுமே வரலாம். மற்றவர்கள் கத்தினால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது தலைமை நடுவர், நீங்களல்ல.

எனக்கு உறுத்துவது வேறு. "ஆட்டக்காரர்களால், ஆட்டக்காரர்களுக்காக" என்று பெருமை பேசும் சில லீக்குகளில் நடுவர்களுக்கு ஓட்டுரிமை இருப்பதில்லை. வாரம் தவறாமல் வருபவருக்குக் குரல் இல்லை என்பது அநியாயம். உங்கள் லீக்கில் எப்படி என்று பொறுப்பேற்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.