தோலடி ரத்த ஓட்டத்தை ஒளியால் அளப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் ஸ்மார்ட் வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மினுங்குகிறது. அது ரத்த ஓட்டத்தை அளக்கிறதா?

ஓட்டத்தை அல்ல. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைவதைத்தான் பார்க்கிறது. ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ரத்தம் கூடினால் திரும்பி வரும் ஒளி குறையும். இந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான். நாடித் துடிப்பை எண்ண அது போதும். நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் ஓடுகிறது என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. முறையின் பெயர் ஃபோட்டோபிளெதிஸ்மோகிராஃபி. 1930-களில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் செய்த ஆய்வுகளிலேயே இதன் அடிப்படை இருக்கிறது.

அப்படியானால் ஓட்டத்தை அளக்க எந்தக் கருவி?

லேசர் டாப்ளர். தோலுக்குள் போகும் லேசர் ஒளி, நகரும் சிவப்பணுக்கள் மேல் பட்டுச் சிதறும்போது அதன் அதிர்வெண் துளி மாறும். அசையாத திசுவில் பட்டு வரும் ஒளி மாறாது. இரண்டும் ஒளியை உணரும் டிடெக்டரில் கலக்கும்போது எழும் சிக்னலில் இருந்து, எத்தனை அணுக்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதைச் சேர்த்து ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். மைக்கேல் ஸ்டெர்ன் 1975-இல் இதைத் தோலில் செய்து காட்டினார். ஒரு புள்ளியில் மட்டும் அளக்காமல் பரப்பு முழுவதையும் படமாகப் பார்க்க, லேசர் ஒளி தோலில் உண்டாக்கும் புள்ளிக்கோலம் கலைவதைக் கவனிக்கும் லேசர் ஸ்பெக்கிள் முறை இருக்கிறது.

முன்கையில் லேசர் டாப்ளரால் அளந்தேன். தோலில் வைக்கும் அளவு முனையை, அதாவது புரோபை, ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்ததும் எண் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கருவி பழுதா?

இல்லை, தோல் அப்படித்தான். புரோப் பார்ப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம், மிகச் சிறிய இடம். அந்த இடத்தின் அடியில் ஒரு சிறு தமனி இருந்தால் எண் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். ஒளி எவ்வளவு திசுவுக்குள் போய் வந்தது என்பதும் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் கருவி மில்லிலிட்டரில் சொல்லாமல் பெர்ஃபியூஷன் யூனிட் என்று தனி அலகில் சொல்கிறது. மேல்கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டுவது போன்ற பட்டையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தினாலும் எண் முழுசாகப் பூஜ்யத்துக்கு வராது. அந்த மிச்சத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை எண்ணை நம்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். புரோபை அசைக்காமல் ஒட்டிவிட்டு, தோலைத் தூண்டிப் பாருங்கள். சில நிமிடம் பட்டையை இறுக்கித் தளர்த்தினால் ஓட்டம் எவ்வளவு எகிறுகிறது? 42 முதல் 44 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் எவ்வளவு விரிகிறது? அதே இடத்தின் ஆரம்ப அளவோடு ஒப்பிட்ட மாற்றம்தான் ரத்தக் குழாய்களின் நிலையைச் சொல்லும். அறை வெப்பநிலையும் ஒன்றாக இருக்கட்டும். ஓய்வில் உடலின் தோல் முழுவதற்கும் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஓடுகிறது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை போகும்.

விரல் சில்லிட்டிருந்தால் சென்சார் ஏன் தடுமாறுகிறது?

குளிரில் விரல் நுனியின் ரத்தக் குழாய்கள் இறுகிவிடும், துடிப்பின் சிக்னல் மெலிந்துவிடும். கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

கருத்த தோலில் அளவு தப்புமா?

தப்பலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும், பச்சையில் அதிகம், அகச்சிவப்பில் குறைவு. ஆக்சிஜன் அளவிடும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92–96 சதவீதம் காட்டியபோதும் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நிலை, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்திலும் வெள்ளையரிடம் 3.6 சதவீதத்திலும் தெரிந்தது. எல்லா நிறத் தோலிலும் சோதிக்காமல் ஒரு சென்சாரை வெளியிடுவது நியாயமே இல்லை.

சிகிச்சையில் இது எங்கே பயன்படுகிறது?

முக்கியமாகத் தீக்காயத்தில். காயம் தானாக ஆறுமா, தோல் ஒட்ட வேண்டுமா என்று கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது கடினம். லேசரைப் பரப்பு முழுவதும் நகர்த்தி எடுக்கும் லேசர் டாப்ளர் படத்தில் ஓட்டம் நன்றாக இருந்தால் ஆறும் வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு நாளில் எடுத்த படத்தை அவ்வளவு நம்ப முடியாது, காயத்தின் ஓட்டம் அப்போது மாறிக்கொண்டே இருக்கும்.